உயர்ந்த ரிப் ஷாட்கன்கள்: ட்ராப் சுடுவோர் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

ட்ராப் என்பது இயந்திரம் வீசும் களிமண் தட்டுகளை ஷாட்கனால் சுட்டு உடைக்கும் விளையாட்டு. ரிப் என்பது குழலின் மேல் நீளவாக்கில் ஓடும், கண் வைத்துப் பார்க்கும் பட்டை. கேட்டலாக்கில் "ரிப் உயரம் 20 மி.மீ." என்று போட்டிருப்பதை வைத்து மட்டும் ஒரு துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ரிப்பின் உயரம், கன்னம் பதியும் காம்பின் (துப்பாக்கிக் கட்டையின் மேல்விளிம்பு) உயரம், தோளில் படும் பேடின் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ரவை (தோட்டாவிலிருந்து பறக்கும் சிறு குண்டுக் கூட்டம்) எங்கே போகும் என்பதை முடிவு செய்கின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிட்டால், இரண்டில் ஒன்றைப் பற்றித் தவறான முடிவுக்கு வருவது உறுதி. மூன்றையும் அளந்து, ஒரே முறையில் சுட்டுப் பார்த்து ஒப்பிடும் வழி இங்கே.

உயர்ந்த ரிப் எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். சாதாரண ரிப் குழலின் முதுகோடு ஒட்டியே ஓடும். ரிப்பைச் சிறு தூண்கள் மேல் தூக்கி வைத்தால், கண் இருக்கும் இடத்திலிருந்து குழல் கீழே இறங்கிவிடும். தலையைக் குனியாமல், கழுத்தை முன்னால் நீட்டாமல் பார்க்கலாம். கண்ணாடி போடுபவருக்கு லென்ஸின் மேல் விளிம்பு வழியாகப் பார்க்கும் தொல்லை போய், நடுப்பகுதி வழியாகப் பார்வை கிடைக்கும். காம்பும் ஏறக்குறைய குழலின் அச்சுக்கே வந்துவிடுவதால் உதை நேராகப் பின்னால் வரும், வாய்ப்பகுதி மேலே துள்ளுவது குறையும், கன்னத்தில் அறை விழுவதும் குறையும். தொடர்ந்து சுட்டுக் குழல் சூடேறும்போது எழும் வெப்ப அலையும் பார்வைக் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும்.

இதெல்லாம் எல்லோருக்கும் கிடைக்கும் லாபம் அல்ல. உயர்ந்த ரிப்பால் உண்மையில் பயன் பெறுபவர் கழுத்து நீளமானவர். கண்ணுக்கும் தோள் குழிக்கும் நடுவே உள்ள தூரம் அவருக்கு அதிகம். தாழ்ந்த ரிப் துப்பாக்கியில் அந்தத் தூரத்தை அவர் தலையைச் சாய்த்தோ, துப்பாக்கியைத் தோளுக்கு மேல் தூக்கியோதான் சரிக்கட்ட வேண்டும். கழுத்து குட்டையானவருக்கு உயர்ந்த ரிப் கொடுத்தால், ரிப்புக்கு மேல் கண்ணைக் கொண்டுவர அவர் தலையை நிமிர்த்தி நீட்ட வேண்டி வரும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. துப்பாக்கி காலியா என்று திறந்து பார்த்து, வேறொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்களை மூடி, வழக்கம் போலத் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதியுங்கள். உடன் இருப்பவர் பக்கவாட்டில் நின்று பேடைப் பார்க்கட்டும். பேடின் மேல் முனை தோளுக்கு மேல் 2 செ.மீ. அல்லது அதற்கும் கூடுதலாக வெளியே நீட்டிக்கொண்டு, கீழ் முனை மட்டும் தோள் குழியில் தொட்டால், உங்களுக்கு உயர்ந்த ரிப்போ தாழ்த்தக்கூடிய பேடோ தேவை. பேட் முழுக்கக் குழியில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்ததும் ரிப் நேராகத் தெரிந்தால், உயர்ந்த ரிப்புக்குப் பணம் செலவழிக்கக் காரணமில்லை. தாழ்த்தும் பேட் பிளேட்டின் விலை ஒரு புதுத் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. முதலில் அதைப் போட்டுப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

எந்த விளையாட்டுக்கு என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க ட்ராப்பில் சுடுபவர் இயந்திரத்துக்கு 16 கெஜம் (14.6 மீட்டர்) பின்னால் நிற்பார். ஹாண்டிகேப் (திறமைக்கு ஏற்ப இன்னும் பின்னால் நிறுத்தும் முறை) என்றால் 27 கெஜம் வரை பின்னால் போகலாம். தட்டு எப்போதும் ஏறிக்கொண்டே போகும், துப்பாக்கியைத் தோளில் ஏற்றி வைத்த பிறகே தட்டை விடச் சொல்லி 'புல்' (pull) என்று கூப்பிடுவார்கள். உயர்ந்த ரிப்பும் ரவை மேலே விழும்படியான அமைப்பும் பிறந்து வளர்ந்தது இங்கேதான். தட்டைக் குழலால் மறைக்காமல், ரிப்புக்கு மேலே மிதக்கவிட்டுச் சுட முடிகிறது.

ஒலிம்பிக் ட்ராப்பில் 15 இயந்திரங்கள், நிற்கும் கோட்டுக்கு 15 மீட்டர் முன்னால் பள்ளத்தில் இருக்கும். தட்டு இடமோ வலமோ 45 பாகை வரை விலகலாம். அதன் உயரமும் தட்டுக்குத் தட்டு மாறும், வீச்சு 76 மீட்டர். சில தட்டுகள் கிட்டத்தட்டத் தரையோடு போகும் என்பதால், ரவை மிக உயரே விழும் துப்பாக்கி இங்கே கை கொடுக்காது. நடுத்தர உயரமும் 60/40 அமைப்பும் (ரவையில் 60 சதவீதம் குறிக்கு மேலே, 40 சதவீதம் கீழே) பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஒலிம்பிக் ஸ்கீட், ஃபிட்டாஸ்க் ஸ்போர்ட்டிங் ஆகிய மற்றத் தட்டு விளையாட்டுகளில் துப்பாக்கியைத் தோளுக்குக் கீழே தாழ்த்தி வைத்துத் தொடங்க வேண்டும். அங்கே உயர்ந்த ரிப்பால் இடைஞ்சல்தான் அதிகம். கன்னத்துக்கு வரும் நேரத்தில் காம்ப் வேறு கோணத்தில் முட்டும், பார்வை ரிப்பைத் தேடி அலையும்.

இனி அளவெடுப்பு. 1 மீட்டர் எஃகு அளவுகோல், வெர்னியர் காலிப்பர், அளவு நாடா, 5 கிலோ வரை காட்டும் தராசு, மரக்கட்டைகள் இரண்டு, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

முதல் அளவு, ரிப்பின் மேல் முகத்திலிருந்து குழலின் அச்சு வரை. இதை வாய்ப்பகுதியில் ஒரு முறையும், தோட்டா போகும் பின்பகுதியில் ஒரு முறையும் எடுக்க வேண்டும். ரிப்பின் மேலிருந்து அந்தக் குழலின் அடிவயிறு வரை காலிப்பரால் அளந்து, அந்த இடத்தில் குழலின் வெளிவிட்டத்தில் பாதியைக் கழித்தால் அச்சு வரையிலான உயரம் கிடைக்கும். மேல்கீழ் இரட்டைக் குழலில் காலிப்பர் இரண்டு குழல்களுக்கும் நடுவே நுழையாது. அங்கே ரிப்பின் மேலிருந்து குழலின் முதுகு வரை அளந்து, வெளிவிட்டத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கீழ்க்குழலின் அச்சு 2 செ.மீ.க்கும் மேல் தாழ்ந்திருக்கும் என்பதால், அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, உயர்ந்த ரிப் துப்பாக்கி ஒன்றில் பின்பகுதி 34 மி.மீ., முன்பகுதி 30 மி.மீ., ரிப் நீளம் 760 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4 மி.மீ. கண்ணை ரிப்போடு சமமாக வைத்துப் பார்த்தால், குழலின் அச்சு பார்வைக் கோட்டை விட இவ்வளவு மேல்நோக்கியிருக்கிறது. 36 மீட்டரில் இது 4 × 36,000 ÷ 760 = 189 மி.மீ. ஆகும். அதிலிருந்து முன்பகுதி உயரமான 30 மி.மீ.யையும், ரவை அத்தனை தூரம் பறப்பதற்குள் ஈர்ப்பால் இறங்கும் சுமார் 70 மி.மீ.யையும் கழித்தால் 89 மி.மீ. மிஞ்சுகிறது. குறிக்கு அவ்வளவு மேலே ரவையின் மையம் விழும். 60/40 என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். ஆனால் இது கணக்கு மட்டுமே. உதைக்கும் நேரத்தில் குழல் அசைவதும், கண் ரிப்பை விட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்தால் இந்த எண் மாறும். தாளில் சுட்டுப் பார்க்கும் வரை நம்பக் கூடாது.

அடுத்தது காம்ப். ரிப் மேல் எஃகு அளவுகோலைப் படுக்க வைத்து, பின்னால் காம்பின் முன்னுனிக்கும் குதிக்கும் (கட்டையின் பின்முனையில் உள்ள மேல் மூலை) மேல் வரை நீட்டுங்கள். அளவுகோலிலிருந்து மரம் வரை உள்ள இறக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ட்ராப் துப்பாக்கியில் முன்னுனியில் இது 35 முதல் 38 மி.மீ. வரை இருப்பது வழக்கம். இந்த எண்ணை அப்படியே வைத்துத் தாழ்ந்த ரிப் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் தவறாகிவிடும். இறக்கத்திலிருந்து ரிப்பின் பின்பகுதி உயரத்தைக் கழியுங்கள். தாழ்ந்த ரிப்பில் 36 − 17 = 19, அதாவது காம்ப் அச்சுக்கு 19 மி.மீ. கீழே. உயர்ந்த ரிப்பில் 36 − 34 = 2, கிட்டத்தட்ட அச்சிலேயே. கேட்டலாக்கில் இரண்டிலும் "36 மி.மீ." என்றுதான் எழுதியிருக்கும். உதை எப்படி வரும் என்பதைச் சொல்வதோ 19, 2 என்ற எண்கள்தாம்.

காம்பின் முன்னுனிக்கும் பின்பகுதிக்கும் இடையே சரிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு இடத்திலும் இறக்கம் ஒன்றாக இருந்தால் உதைக்கும்போது கன்னத்தின் மேல் காம்ப் வழுக்கிப் பின்னால் போகும். பின்பகுதி தாழ்ந்திருந்தால் துப்பாக்கி பின்னால் வரும்போது காம்பின் உயர்ந்த முன்பகுதி கன்னத்துக்குள் ஏறும். 'கன்னத்தில் அறைகிறது' என்று புகார் வரும் துப்பாக்கிகளில் இதுவே பெரும்பாலும் காரணம். ரிப்பை உயர்த்தினால் இது சரியாகாது.

எடையையும் சமநிலையையும் கடைசியில் பார்க்கலாம். ட்ராப் துப்பாக்கி 3.6 முதல் 4.1 கிலோ வரை இருக்கும். உயர்ந்த ரிப் கூடுதல் உலோகம், அது கைக்கு மேலே உட்காருவதால் வீசும்போது மேல்பாரமாகத் தோன்றும். கீழே ஒரு கட்டையை வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்து, குழல் மடங்கித் திறக்கும் கீல் ஊசியிலிருந்து அது எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும்.

இப்போது சுட்டுப் பார்ப்பது. ஒப்பீட்டின் உயிர்நாடி இதுதான். தூரங்கள் 12 மீட்டரும் 36 மீட்டரும். 12 மீட்டரில் ஃபுல் சோக் (ரவை சிதறாமல் குழல் வாயை இறுக்கும் குறுக்கம்), ஒரே பெட்டித் தோட்டா, ஒவ்வொரு குழலுக்கும் 5 வெடிகள். தாளில் நடுவே 2 செ.மீ. கறுப்புப் புள்ளி. துப்பாக்கியை மணல் பையில் முன்கையோடு சேர்த்துச் சாய்த்து, வழக்கமாக ரிப்பில் என்ன காட்சி பார்ப்பீர்களோ அதே காட்சியோடு புள்ளியின் நடுவைப் பாருங்கள். 5 துளைகளும் ஒன்றாகச் சேர்ந்து கிழித்திருக்கும் இடத்தின் மையத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 12 மீட்டரில் ரவை இன்னும் ரிப்பின் உயரத்தை எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உயர்ந்த ரிப்பில் அது ஏற வேண்டிய தூரம் அதிகம். எனவே புள்ளியின் நடுவிலேயே துளை விழுந்தால், தாழ்ந்த ரிப் துப்பாக்கிக்கும் உயர்ந்த ரிப் துப்பாக்கிக்கும் அதற்கு அர்த்தம் வேறு. 12 மீட்டர் உயரத்தை 3ஆல் பெருக்கி, அச்சு வரையிலான முன்பகுதி ரிப் உயரத்தின் இரட்டிப்பைக் கூட்டி, ஈர்ப்புக்காக 55 மி.மீ. கழித்தால் 36 மீட்டரில் எங்கே விழும் என்பது கிடைக்கும். 12 மீட்டரில் இரண்டு துப்பாக்கிகளும் புள்ளிக்கு 20 மி.மீ. மேலே சுட்டால்:

ரிப் உயரம் 14 மி.மீ.: 60 + 28 − 55 = 33 மி.மீ.
ரிப் உயரம் 30 மி.மீ.: 60 + 60 − 55 = 65 மி.மீ.

தாளில் ஒரே துளை, 36 மீட்டரில் இரட்டிப்பு உயரம். 12 மீட்டர் தாளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இரண்டும் ஒன்றுதான்" என்று முடிவு கட்டுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

36 மீட்டரில் 1.2 மீட்டர் சதுரத் தாள் வேண்டும். இங்கே சாய்மானம் வேண்டாம். நின்று, துப்பாக்கியை ஏற்றி, புள்ளியைப் பார்த்த உடனே சுடுங்கள். ரைஃபிள் போல நின்று குறி பார்த்தால் கண் ரிப்போடு ஒட்டிக்கொண்டு, பறக்கும் தட்டில் நீங்கள் செய்யாத ஒன்றைத் தாளில் செய்வீர்கள். 5 தனித் தாள்களில் ஒவ்வொரு வெடி. ஒவ்வொன்றிலும் ரவை மிக அடர்ந்த இடத்தைச் சுற்றி 75 செ.மீ. வட்டம் போட்டு, அதன் மையம் புள்ளிக்கு எத்தனை செ.மீ. மேலே, எத்தனை பக்கவாட்டில் என்று குறித்துக்கொள்ளுங்கள். 7.5 செ.மீ. மேலே என்றால் 60/40, 15 செ.மீ. என்றால் 70/30, 23 செ.மீ. என்றால் 80/20. தாளுக்குத் தாள் 10 செ.மீ.க்கு மேல் அலைந்தால் துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள். அது ஏற்றும் முறையில் உள்ள சீரின்மை, காம்ப் உங்கள் கன்னத்துக்குப் பொருந்தாததன் அறிகுறி.

காம்பையும் ரிப்பையும் பேடையும் நகர்த்திச் சரிசெய்யக்கூடிய துப்பாக்கியில் வரிசை முக்கியம். முதலில் காம்ப், பிறகு ரிப், கடைசியில் பேட். காம்பைக் கண்ணுக்கு ஏற்ப வைத்து, ரிப்பில் நீங்கள் விரும்பும் காட்சி வந்ததும் அதைத் தொடாதீர்கள். ரவையை மேலே கீழே நகர்த்த ரிப்பைப் பயன்படுத்துங்கள். ரிப்பின் பின்முனையை உயர்த்தினால் ரவை மேலே போகும், முன்முனையை உயர்த்தினால் கீழே வரும். 760 மி.மீ. ரிப்பில் ஒரு முனையில் 1 மி.மீ. மாற்றம் 36 மீட்டரில் 47 மி.மீ. பின்முனையை 1 மி.மீ. உயர்த்தினால் பார்வைக் கோடும் கண்ணருகே ஏறக்குறைய 1.5 மி.மீ. உயர்வதால், காம்பும் அதே அளவு ஏற வேண்டும். இதை விட்டுவிட்டுத் தாளில் எதிர்பாராத எண்ணைப் பார்த்துக் குழம்புவதுண்டு.

ரிப் நகராத துப்பாக்கியில் காம்புதான் ஒரே வழி. கண்ணிலிருந்து ரிப்பின் முனையில் உள்ள முன் மணி வரை சுமார் 1.1 மீட்டர் என்பதால், கண் 1 மி.மீ. உயர்ந்தால் 36 மீட்டரில் 33 மி.மீ. மாறும். காம்பின் அடியில் ஒரு நேரத்தில் 1.5 மி.மீ. வாஷர் ஒன்று போதும். காம்பை 12 மி.மீ.க்கு மேல் உயர்த்த வேண்டி வந்தால், அந்தத் துப்பாக்கி உங்களுக்கான வடிவம் அல்ல. காம்பைத் தாங்கும் தண்டுகள் மரத்துக்குள் போதிய ஆழம் இல்லாமல் ஆடும், இடைவெளியில் கன்னம் மாட்டும்.

துப்பாக்கியைச் சாய்த்துப் பிடிப்பது உயர்ந்த ரிப்பில் பெரும் தவறாகிவிடும் என்ற பேச்சு உண்டு. கணக்கு போட்டால் அப்படித் தெரியவில்லை. பார்வை ரிப்பை ஒட்டியே இருக்கும்போது பக்கவாட்டுப் பிழையைத் தீர்மானிப்பது ரவை எவ்வளவு மேலே விழும்படி வைத்திருக்கிறீர்கள் என்பதே. 80/20 துப்பாக்கியை 10 பாகை சாய்த்தால் 36 மீட்டரில் சுமார் 5 செ.மீ., 60/40 என்றால் 2.5 செ.மீ. அதே எண்ணில் வைத்த தாழ்ந்த ரிப் துப்பாக்கியிலும் இதே பிழைதான். பயப்பட வேண்டியது ரிப்பைப் பார்த்து அல்ல, தேவைக்கு மேல் மேலே சுடும் அமைப்பைப் பார்த்து.

மாடல்களைப் பொறுத்தவரை மூன்று குடும்பங்கள் என்று பார்த்தால் தெளிவாகும். ஒற்றைக் குழல் அமெரிக்க ட்ராப் துப்பாக்கிகள்: 1960களின் இறுதியில் வந்த ப்ரௌனிங் பிடி-99 இன்னும் இந்த உலகில் நுழைய மலிவான வாசல். ஜப்பானில் மிரோகு ஆலையில் செய்யப்படுவது, உயர்த்தப்பட்ட ரிப், ஆனால் ரிப் நகராது. பழைய பிடி-99 பிளஸ்ஸில் நகரும் ரிப் இருந்தது. லியூட்டிச் மோனோ கன், க்ரீக்ஹாஃப் கேஎக்ஸ் வரிசை ஆகியவை இதே விளையாட்டின் விலையுயர்ந்த பக்கம். இரண்டாவது, ஜெர்மனியின் உல்ம் நகரில் செய்யப்படும் க்ரீக்ஹாஃப் கே-80 போன்றவை. ஒரே உடலில் இரட்டைக் குழலையும் 'அன்சிங்கிள்' குழலையும் மாற்றிப் போடலாம். அன்சிங்கிள் என்றால் கீழ்க்குழல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரே குழல், அதன் மேல் உயர்ந்த ரிப். குழல் தோளின் நேர்கோட்டுக்குத் தாழ்ந்திருப்பதால் துள்ளல் குறைவு. மூன்றாவது, இத்தாலிய, ஜெர்மானிய இரட்டைக் குழல்கள்: பெராஸ்ஸி எம்எக்ஸ்-2005, பிளேசர் எஃப்3 சூப்பர் ட்ராப் போன்றவை. பெராஸ்ஸி எம்எக்ஸ்-8 மெக்சிகோ 1968 ஒலிம்பிக்கை ஒட்டி உருவானது. அதன் ரிப் தாழ்ந்தது. ஒலிம்பிக் ட்ராப்பில் எதை எடுத்தாலும் அதோடு வைத்து ஒப்பிடுவது நல்ல அளவுகோல்.

மைதானத்தில் சோதிக்கும்போது 25 தட்டில் ஒரு துப்பாக்கியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒவ்வொரு 5 தட்டுக்கும் மாற்றி மாற்றி, குறைந்தது 100 தட்டு. எத்தனை உடைந்தது என்பதை விட எப்படி உடைந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மீதித் துண்டு கீழ்நோக்கி அமுங்கினால் தட்டின் மேற்பகுதியில் அடிக்கிறீர்கள், மேலே எழும்பினால் அடிப்பகுதியில். கறுப்புப் பொடியாகப் போவதுதான் நடு. ஒரே துப்பாக்கியில் கிட்டத்தட்ட எல்லாத் துண்டும் ஒரே பக்கம் போனால் ரிப்பை நகர்த்தினால் சரியாகும். கண்டபடி போனால் பிரச்சினை துப்பாக்கியை ஏற்றும் முறையில்.

பயன்படுத்திய துப்பாக்கி வாங்கும்போது ரிப்பின் தூண்களை ஒவ்வொன்றாக விரல் நகத்தால் தட்டுங்கள். ஒன்று மட்டும் வேறு சத்தம் கொடுத்தால் அங்கே பற்று விட்டிருக்கிறது. முன்பக்கம் இருந்து ஒற்றைக் கண்ணால் ரிப்பின் ஓரத்தைப் பார்த்தால் துப்பாக்கிப் பெட்டியில் அழுந்தி வளைந்த இடம் தெரியும். சரிசெய்யும் திருகுகள் முகம் தேய்ந்திருந்தால் யாரோ பொருந்தாத சாவியால் திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் திருகு மறுபடி இறுகாது. சூடேறிய பிறகும் ரிப் நீளவாக்கில் கொஞ்சம் நகர இடம் இருக்க வேண்டும். அதை இறுக்கிப் பிடித்துவிட்டிருந்தால் நடுவில் வில்லாகத் தூக்கி, 50 தோட்டாவுக்குப் பிறகு ரவை வேறு இடத்தில் விழும். இதைப் பிடிக்க 36 மீட்டர் சோதனையைக் குளிர்ந்த குழலில் ஒரு முறை, 50 சுட்ட பின் ஒரு முறை செய்யுங்கள்.

இந்தியாவில் வாங்குபவருக்கு 1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டும். இறக்குமதிக்குத் தனி அனுமதியும் உண்டு. பிடிக்கவில்லை என்று அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்கக்கூடிய பொருள் இல்லை. ஆகவே அளவெடுத்த நோட்டோடு ஒரு ரேஞ்சில் வேறொருவருடைய துப்பாக்கியை, உரிமையாளர் உடன் இருக்கும்போது, ரேஞ்ச் விதிகளுக்கு உட்பட்டுச் சுட்டுப் பார்த்த பிறகே விண்ணப்பத்தில் மாடலின் பெயரை எழுதுங்கள். பெட்டியையும் அப்போதே பாருங்கள். தாழ்ந்த ரிப்புக்கு வார்த்த நுரைப் பெட்டியில் உயர்ந்த ரிப்பை வைத்து மூடினால் மூடி ரிப்பை அழுத்தும். வளைவு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.